கடிவாளம் பிடித்தவன் கதை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில், தொழில்கள் பற்றிய சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)



உங்கள் செயலாளர் கொட்டாஞ்சேனையிலுள்ள என் வீட்டைத் தேடி வந்து, "எங்கள் இளைஞர்களுக்குப் பலவகைத் தொழில்களைப் பற்றியும் அறிவிக்க விரும்புகிறோம், நீங்களும் ஒரு நாள் பேசவேண்டும்" என்று கேட்டபோது, அதனை ஒரு விளையாட்டுப் பேச்சென்றே எண்ணினேன். முதல் உரையை ஒரு வைத்தியர் ஆற்றினார். அடுத்ததை ஒரு கணக்காளர் ஆற்றினார். மூன்றாவதாக இம்மேடையில் ஒரு குதிரைக்காரன் நிற்கின்றான். பின்வரிசையில் சிலர் சிரிப்பதைக் காண்கிறேன். சிரியுங்கள், குற்றமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் குதிரையின் பக்கத்தில் நடந்தவனுக்கு, பின்னாலிருந்து வரும் சத்தத்துக்கு அஞ்சாத பழக்கம் உண்டு.

சைவப் பிள்ளைகள் கூடிய சபையில் குதிரையைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. திருவாதவூரர் பாண்டியனிடம் பொன் பெற்றுக் குதிரை வாங்கப் போன கதையை இங்குள்ள சிறு குழந்தையும் அறியும். நரிகளைப் பரிகளாக்கி, இறைவனே குதிரைச் சேவகனாக முன்னே வந்தார். அன்றிரவே அப்பரிகள் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின என்பர். கேட்பவர்கள் எல்லாரும் வாதவூரருக்காக வருந்துவார்கள். என் மனம் மட்டும், மறுநாட் காலையில் அந்த லாயக்காரன் பட்ட பாட்டைத்தான் நினைக்கும்.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அந்நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்தார்களாம். ஆண்டு முடிவில் உயிரோடு எஞ்சியவை மிகச் சிலவாம். பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கில்லை. சோற்றையும் இறைச்சியையும் சமைத்துத் தீனியாகப் போட்டார்கள் என்கிறார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்கு ஒவ்வாதது போனால் வந்த வழியே திரும்பாது. சூலை கண்டு மாண்டுபோகும். பாண்டியனுடைய பொன் எப்படிக் கரைந்தது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு உடனே விளங்கும்.

நான் பிறந்தது நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். தொழில் பழகியது லாயத்தில். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். இருப்பில் சிலவேளை அதுவுமில்லை. மலைநாட்டுக்கு மோட்டார் வண்டி வருமுன், துரைமார் தோட்டங்களைச் சுற்றி வந்தது குதிரையில். அதன் பின்னே ஓடிப்போய், துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தைப் பிடித்தவன் குதிரைக்காரன். என் பாட்டனார் அவ்வேலை செய்தவர். அவர் சொல்லித் தந்ததை வைத்துக்கொண்டு, 1986இல், பதினேழு வயதில், நுவரெலியாவிலே ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். ஆறு குதிரைகள் இருந்தன: இரண்டு பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை, நான்கு மட்டக்குதிரைகள். கொழும்பிலே 1956இல் குதிரைப் பந்தயம் நின்றுபோன கதையை உங்கள் பாட்டன்மார் சொல்லக்கூடும். எங்கள் ஊரில் பந்தயத்திடல் இன்றும் பந்தயத்துக்கே பயன்படுகிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. சித்திரை மாதத்தில் கொழும்பு வெயிலுக்குத் தப்பி ஊரே அங்கு வந்து குவியும். மலர்க் காட்சி, குதிரைப் பந்தயம், 1873இல் தேசாதிபதி கிறகரி காலத்தில் உண்டான வாவி, அதன் கரையிலே குதிரைச் சவாரி. சிறு பிள்ளைகளுக்கு வாவிக்கரையோடு கால் மணி நேரம். பெரியவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஒன்று, இரண்டு மணி நேரம். வருடம் முழுவதற்குமான உழைப்பை அந்த ஒரு மாதத்தில் தேடிக்கொள்ளவேண்டும். ஆனி, ஆடி மழையிலே குதிரையும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

குதிரைச் சவாரி வழிகாட்டி என்றவுடன், தலைப்பாகையும் மீசையுமாகக் குதிரைமேல் முன்னே செல்லும் ஒருவனை நீங்கள் கற்பனை செய்வீர்கள். எங்கள் வேலையில் குதிரைமேல் இருப்பவர் காசு கொடுத்தவர். நாங்கள் நடப்பவர்கள். சித்திரை மாதத்தில் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மைல் நடந்திருக்கிறேன். அதுவும் பின்புறமாகத் திரும்பிச் சவாரிக்காரரின் முகத்தைப் பார்த்தபடி பாதித் தூரம்.

விடியுமுன் வேலை தொடங்கும். நான்கு குளம்புகளையும் தூக்கி, இடுக்கிலுள்ள சிறு கல்லையும் சேற்றையும் எடுக்கவேண்டும். ஒரு சிறு கல் போதும், ஒரு குதிரையை ஒரு வாரம் நொண்ட வைக்க. பிறகு முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். தோல் சுருங்கி விலகினால் சேணம் கடித்திருக்கிறது என்று பொருள். அதன்பின் முழங்காலுக்குக் கீழே நரம்பைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கால் மற்றதைவிடச் சூடாயிருந்தால் அக்குதிரைக்கு அன்று வேலையில்லை. இருக்கக்கூடாது.

சேணத்து வாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை ஊதிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று நீங்கள் நம்பி நூறு யார் போனதும் மூச்சை விடும். வார் தளர்ந்து, சேணம் சரிந்து, மேலிருப்பவர் பக்கவாட்டில் உலகத்தைப் பார்ப்பார். ஆகவே சிறிது தூரம் நடத்திவிட்டு மறுபடியும் இறுக்கவேண்டும். மூக்கு நுனிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. மற்ற எல்லாப் பக்கமும் தெரியும். ஆகையால் தோள்புறமாக, குரல் கொடுத்தபடி நெருங்கவேண்டும். ஏறுபவர் பாதத்தின் முன்பாகத்தை மாத்திரமே அங்கவடியில் வைக்கவேண்டும். முழுப் பாதமும் உள்ளே போனால், விழும்போது சிக்கி இழுபட நேரும். ஏற்றத்தில் முன்னே சாயவேண்டும். இறக்கத்தில் பின்னே சாயவேண்டும். இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சொல்லிக்கொடுக்க முடியாதது பயம். பயந்தவர் மூச்சை அடக்கிக்கொள்வார், தொடைகள் இறுகும், குதிரை அதனை உடனே அறிந்து, "ஏதோ புலி வருகிறது போலும்" என்று தானும் பயப்படும். அப்படிப்பட்டவர்களிடம் நான், "அம்மா, இன்றைக்கு வீட்டில் என்ன சமையல்?" என்று கேட்பேன். பேசுகிறவர் மூச்சை அடக்க முடியாதல்லவா? வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓர் அம்மா, இறக்கம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஒடியற்கூழ் வைக்கும் முறையைச் சொல்லி முடித்தார். குதிரை அசையாமல் இறங்கியது. அந்தக் கூழை நான் இன்றும் நன்றாக வைப்பேன்.

இனிப் பாரத்தைப் பற்றி. சேணத்தோடு சேர்த்து, தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் ஒரு குதிரை நோகாமல் சுமக்கும் என்பது பொதுவான கணக்கு. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 50 கிலோ. யாழ்ப்பாணத்தவர்கள் நெடுந்தீவு மட்டக்குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இருந்துவரும் அவை இன்று எவரையும் சுமப்பதில்லை. கோடையில் தண்ணீரின்றிச் சாகின்றன. அந்த அளவான ஒரு பிராணியின்மேல், கல்யாண வீட்டில் மூன்று பந்தியும் கண்ட ஒருவர் ஏற வந்தால் என்ன செய்வது? இதுதான் எங்கள் தொழிலின் முடிச்சு. நான் அதனை அவிழ்த்த விதத்தைச் சொல்லவே இன்று வந்தேன், அது பெருமைக்குரியதன்று.

எங்கள் லாயத்தில் சுட்டி என்றொரு பெண்குதிரை இருந்தாள். கபில நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. 1991ஆம் ஆண்டு சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய நாள் காலையில் அவளுடைய வலது முன்காலைத் தொட்டபோது கை சுட்டது. முதலாளியிடம் சொன்னேன். "இன்று ஒரு நாள் சமாளி; நாளைக்கு ஓய்வு கொடுப்போம்" என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். கடனுக்குக் கொள்ளு வாங்கிப் போடுகிறவர். மத்தியானம் வரையில் சிறு பிள்ளைகளை மட்டும் ஏற்றி அவளை மெதுவாக நடத்தினேன். அதன்பின் கனவான் ஒருவர் ஐந்து வயதுப் பையனோடு வந்தார். பையனை முன்னே இருத்தித் தாமும் ஏறவேண்டும், தேயிலைப் பாதையில் போகவேண்டும் என்றார். "ஐயா, தம்பி மட்டும் ஏறட்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு இரட்டிப்புக் காசை நீட்டினார். தங்கைச்சிக்கு வருடப் பிறப்புச் சட்டை இன்னும் வாங்கவில்லை. முதலாளி என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தூரத்தில் வேறு ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். காசை வாங்கியது இந்தக் கைதான்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும் வழியில் ஓர் இறக்கம். முதல் நாள் மழையில் சரளை கிளம்பியிருந்தது. அதன் தலைப்பில் சுட்டி நின்றுவிட்டாள். ஐந்து வருடங்களில் அவள் தானாக நின்றதை நான் கண்டதில்லை. காதிரண்டும் பின்னே மடிந்திருந்தன. காலையிலிருந்து நான் சொல்லியிருக்கவேண்டிய "முடியாது" என்ற சொல்லை அவள் சொன்னாள். நான் கடிவாளத்தை இழுத்தேன்.

நாலு அடி வைத்தாள். முன்கால்கள் மடிந்தன. பையனை நான் தாவிப் பிடித்துக்கொண்டேன். தகப்பனார் அவளுடைய தோள்மேலாகச் சறுக்கித் தேயிலைச் செடியில் விழுந்தார். கீறலைத் தவிர வேறு காயமில்லை. அவர் கோபித்ததும், காசைத் திருப்பிக் கேட்டதும், நான் கொடுத்ததும் நியாயமே. அரை மைல் தூரம் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கால் நரம்பு கெட்டுவிட்டது. இனி எவரையும் ஏற்றக்கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் விடியற்காலையில் அவளை ஓடையிலே குளிர்ந்த நீரில் நிறுத்தி வைத்தேன். வீக்கம் வடிந்தது, நொண்டல் போகவில்லை. அதன்பின் பந்தயத்திடல் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டால் முன்போலவே நொண்டிக்கொண்டு வந்து தோளில் முகத்தை வைப்பாள். வராமலிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அத்தொழிலில் இருந்தேன். "முடியாது" என்று சொல்லப் பழகினேன். ஒருவரைப் பார்த்து, "நீங்கள் பாரமானவர்" என்று சொன்னால் அடி விழும். ஆதலால், "ஐயா, இன்றைக்கு இந்தக் குதிரைக்குக் குணம் சரியில்லை, கடிக்கிறது" என்பேன். எத்தனையோ சாதுவான குதிரைகளுக்கு நான் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கூலி குறைந்தது. முதலாளி முணுமுணுத்தார், ஆயினும் பின்னர் ஒரு குதிரையும் எங்கள் லாயத்தில் அப்படி விழவில்லை என்பதை அவரே ஒரு நாள் மற்றவர்களுக்குச் சொன்னார். செயலாளர் இத்தொழிலின் சம்பளத்தைப் பற்றியும் சொல்லச் சொன்னார். தினக்கூலியும், சவாரிக்காரர் மனம் வைத்துக் கொடுப்பதும். மழை நாளில் இரண்டுமில்லை. 1998இல் கலியாணம் செய்துகொண்டு கொழும்புக்கு வந்ததற்கு அதுதான் காரணம்.

காசு கொடுத்து ஏறுகிற பக்கம் எனக்கும் ஒரு முறை வாய்த்தது. 2018இல் இங்கிருந்து ஒரு கூட்டமாகத் திருக்கேதாரம் போனோம். சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் நின்றபடியே அத்தலத்தைப் பாடினார்கள். எங்களுக்கோ நேரிற் காணும் ஆசை. கௌரிகுண்டிலிருந்து கேதாரநாதம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் ஏற்றம். கோயில் 3,583 மீற்றர் உயரத்தில். 2013ஆம் ஆண்டு ஆனி மாத வெள்ளத்தில் ராம்பாடா என்ற இடமே அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றின் மறுகரையில் புதுப் பாதை வெட்டினார்கள். பழைய பாதையைவிட அது நீளம். நடந்து நடந்து தேய்ந்த என் முழங்கால்கள் அதற்கு ஒப்பவில்லை. ஒரு கோவேறு கழுதையை அமர்த்திக்கொண்டேன்.

அதன் சொந்தக்காரன் இருபது வயதிருக்கும் ஒரு பிள்ளை. அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி வராது. ஏறுமுன் என்னையறியாமல் வாருக்கும் வயிற்றுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தேன். அவன் முதலில் முறைத்தான், பிறகு என் கையைப் பார்த்தான், சிரித்தான். என் தோளில் இருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். அந்தப் பாதையில் நெரிசலும் பாரமும் தாங்காமல் எத்தனையோ பிராணிகள் மாண்டிருக்கின்றன. 2025ஆம் ஆண்டு வைகாசி மாதம் தொடக்கத்தில் குதிரைகளுக்குச் சளிக்காய்ச்சல் பரவி, பல இறந்து, சவாரியைச் சிறிது நிறுத்தி வைத்தார்கள் என்ற செய்தியைக் கேட்டபோது அந்தப் பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது.

பாதி வழிக்கு மேலே ஓர் இடம் மிகச் செங்குத்து. கல்லில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நின்று, இறங்கும்படி கையைக் காட்டினான். எங்கள் கூட்டத்தில் முன்னே சென்ற ஒருவர், "முழுக் கூலியும் பேசித்தானே ஏறினோம், எதற்கு இறங்க வேண்டும்?" என்று சத்தமிட்டு, மேலும் நூறு ரூபாவை எடுத்து நீட்டினார். பையன் பணத்தைப் பார்த்தான், மிருகத்தின் காதைப் பார்த்தான், தலையை ஆட்டினான். கையை இறக்கவில்லை.

நான் இறங்கினேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அந்த ஏற்றம் முடியும்வரை அவ்விளைஞன் ஒரு கையால் கடிவாளத்தையும் மறு கையால் என் முழங்கையையும் பிடித்துக்கொண்டு வந்தான். மேலே போனதும் மறுபடியும் ஏறச் சொன்னான். எனக்கு ஏற மனம் வரவில்லை. மெதுவாக அதன் தோள்புறமாக, பழைய இடத்திலேயே நடந்தேன். பையைத் தா என்று இருமுறை கேட்டேன். கோயில் தெரியும்வரை அவன் தரவில்லை.