சோதனைக் கிண்ணமும் மனித உடம்பும்
(கல்லாவி வட்டாரத் தம்பதிகளுக்கு ஆற்றிய உரை)



"கஞ்சா எண்ணெய் புற்றுநோயைக் கொல்லுதாமே, ஆராய்ச்சியில கண்டுபிடிச்சாங்களாமே?" என்று நம்ம பக்கத்தில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலையும் முழுசாகக் கேளுங்கள்.

புற்றுச் செல்களை உடம்புக்கு வெளியே கிண்ணத்தில் வளர்க்கலாம். 1951-ல் அமெரிக்காவில் ஒரு தாயின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அப்படிப்பட்ட கிண்ணங்களில் கஞ்சாவின் சத்துப் பொருள்களை ஊற்றினால் பலவகைப் புற்றுச் செல்கள் சாகின்றன. இது உண்மை.

ஆனால் கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது? செல்களுக்கு ஊட்டமாகக் கன்றின் ரத்தத் தெளிநீரைச் சேர்ப்பார்கள். அதைக் குறைத்தால் கொஞ்சம் மருந்திலேயே செல் சாகும். கூட்டினால் அதே மருந்து வலுவிழக்கும். காரணம், கஞ்சாப் பொருள் எண்ணெய்த் தன்மை உடையது. வெறும் தண்ணீரில் எண்ணெய் விட்டால் கையில் ஒட்டும். அதே தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கலந்துவிட்டால் மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும் அல்லவா? அதுபோலத் தெளிநீரில் உள்ள புரதம் மருந்தைப் பிடித்துக்கொள்கிறது. நம் ரத்தத்திலோ புரதம் நிறைய. உள்ளே போகும் கஞ்சாப் பொருளில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. 2004-ல் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், குறைந்த அளவு கஞ்சாப் பொருள் சில புற்றுச் செல்களை வேகமாக வளரவே வைத்தது. ஆகவே கிண்ணத்தில் செத்ததை வைத்து உடம்பில் குணமாகும் என்று சொல்ல முடியாது.

செடியில் மருந்தே இல்லை என்று சொல்லவில்லை. நம்ம வீட்டு வாசல் நித்தியகல்யாணியிலிருந்து ரத்தப் புற்றுக்கு ஊசி மருந்து எடுக்கிறார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுத்து, அளவு கண்டு, நோயாளிகளிடம் சோதித்த பிறகே கொடுக்கிறார்கள். இலையைப் பறித்துத் தின்றால் அது விஷம்.

தாய்மார்களே, கூச்சப்படாமல் கேளுங்கள். தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் படுகிறதா? மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி உதிரம் போகிறதா? நாற்றத்துடன் வெள்ளை படுகிறதா? உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தொல்லை இல்லாவிட்டாலும் 30 வயது தாண்டியவர்கள் சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்க்கச் சில நிமிஷம் போதும், செலவும் இல்லை. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம். எண்ணெய் வாங்கிக் குடித்துக் காத்திருந்தால் அதற்குள் நோய் முற்றிவிடக்கூடும்.

ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "அது பொம்பளை சமாச்சாரம்" என்று ஒதுங்கி நிற்காதீர்கள். வேலையை ஒரு நாள் தள்ளி வைத்து, நீங்களே மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் நன்றாக இருந்தால்தான் உங்கள் குடும்பம் நன்றாக இருக்கும்.