இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பள்ளிக்கால நினைவுகளைப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். நான் ஒரு பழைய மாணவியின் கதையோடு வந்திருக்கிறேன். அவருடைய சம்மதத்துடனேயே சொல்கிறேன்.

2022இல் ஒரு தாய் மகனுடன் என் கிளினிக்குக்கு வந்தார். "நீங்கள் எங்கட பள்ளிக்கூடம்தானே அக்கா?" என்று கேட்டார். மகனுக்குத் தலசீமியா.

இது பரம்பரை நோய். உடல் ஈமோகுளோபினைப் போதியளவு உருவாக்காது. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த இரத்தத்தோடு இரும்பும் உடலில் சேரும். அதை வெளியேற்றும் மருந்தை ஒழுங்காக எடுக்காவிட்டால் இதயத்திலும் ஈரலிலும் இரும்பு படியும்.

எங்கள் அரச வைத்தியசாலைகளில் இரத்தம் ஏற்றக் காசு வாங்குவதில்லை. அது பெரிய கொடை. ஆனால் பஸ் காசும், வழிச் சாப்பாடும், இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. அந்த ஆண்டு மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. குளிசையை வெளியே வாங்கும்படி நான் எழுதிக் கொடுத்தேன். வாங்க முடியுமா என்று கேட்கவில்லை. அவர் ஒரு மாதம் வாங்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தார். பிறகு நிறுத்திவிட்டார். இரத்தப் பரிசோதனையில் இரும்பு ஏறியிருந்ததைக் கண்டுதான் விசாரித்தேன்.

"ஒருத்தரிட்டயும் உதவி கேட்கேல்லையா?"

"கேட்டால் வருத்தம் வெளியில தெரியும். தங்கச்சியின்ர கலியாணம் குழம்பிப்போகும் எண்டு பயந்தனான் அக்கா."

தாயும் தந்தையும் நோய்க்காவிகளானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காவிகள் நோயாளிகளல்லர், அவர்களுக்கே அது தெரிவதில்லை. இது யாருடைய பாவமும் அல்ல.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். சாதகம் பார்க்க முன்னர் பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். அடுத்தது, எங்கள் சங்கம் புலமைப்பரிசில் கொடுப்பதுபோல, நெடுநாள் வைத்தியம் செய்யும் பழைய மாணவிகளின் குடும்பங்களுக்குப் பயணச் செலவுக்கும் மருந்துக்கும் ஒரு சிறு நிதி ஒதுக்கட்டும். கடல் கடந்து வாழும் சகோதரிகளும் கைகொடுங்கள். பெறுபவரின் பெயர் மேடையில் வாசிக்கப்படக் கூடாது.

அந்த மகனுக்கு இப்போது மருந்து தவறுவதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அவரோடு ஒரே வகுப்பில் படித்த மூவர் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மூவர் செய்வதை நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்யலாம்.