நிலாவுக்குப் போக யாரைக் கூப்பிடுவார்கள்? ஊகக் கவிதையும் சிற்றிதழின் பக்கக் கணக்கும்



மன்றத் தோழர்களே, மறைந்த தோழரின் குடும்பத்தாரே, எங்கள் இதழின் வாசகர்களே, சந்தாவைப் புதுப்பிக்க மறந்துவிட்ட நண்பர்களே, வணக்கம்.

தலித் கவிதையின் போக்குகள் பற்றிப் பேசச் சொல்லித்தான் எங்கள் ஆசிரியர் குழுவை அழைத்தீர்கள். அது பெரிய தலைப்பு. அதைப் பேசத் தகுந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நாங்கள் சிறியதாக ஒன்றைப் பேசுகிறோம். கடந்த மூன்று ஆண்டுகளாக எங்கள் இதழில் நடக்காததைப் பற்றிய கவிதைகளை வெளியிட்டு வருகிறோம். இனி நடக்கப்போவது, நடந்திருக்கக்கூடியது, வேறொரு கிரகத்தில் நடப்பது என்று எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில் இதை ஸ்பெகுலேட்டிவ் பொயட்ரி என்கிறார்கள். அமெரிக்காவில் 1978இலேயே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். தமிழில் ‘ஊகக் கவிதை’ என்று வைத்துக்கொண்டோம். பெயரில் கொஞ்சம் பங்குச்சந்தை வாடை அடிக்கத்தான் செய்கிறது. இதைவிட நல்ல பெயர் யாரிடமாவது இருந்தால் தாருங்கள், மாற்றிக்கொள்கிறோம்.

தோழர் அச்சுக்கோப்பவராக வாழ்க்கையைத் தொடங்கியவர், பக்கக் கணக்கில் கறாரானவர். ஆகவே பக்கக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். எங்கள் இதழ் நான்கு ஃபாரம், அதாவது 64 பக்கம். ஐந்தாவது ஃபாரத்துக்குக் காசு இருந்ததே இல்லை. ஒரு கவிதைக்கு இரண்டு பக்கம் கொடுத்தால் வேறொன்று இரண்டு பக்கம் சுருங்க வேண்டும். பெரும்பாலும் அது கள ஆய்வறிக்கையாக இருக்கும். ஏதோ ஓர் ஊரில் மயானப் பாதையை மறித்திருப்பார்கள், நம் தோழர்கள் நான்கு நாள் அலைந்து வாக்குமூலம் வாங்கி எழுதியிருப்பார்கள். அதைச் சுருக்கிவிட்டு, செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய கவிதையைப் போடுவதா? எங்கள் குழுவுக்குள் இது பேச்சளவிலான சண்டையாக மட்டும் நிற்கவில்லை. ஒரு தோழர் இரண்டு இதழ்களுக்குத் தன் பெயரை ஆசிரியர் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொலை நடந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கதை சொல்லலாமா என்று கேட்டார்.

நாங்கள் சொன்ன பதில் இது. தலித் எழுத்து என்றாலே சாட்சி சொல்வது என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கும் விமர்சகருக்கும் அது வசதியானது, மொழிபெயர்த்து வெளியிடும் பதிப்பகத்துக்கும் அதுதான் வசதி. பட்ட அடியைச் சொல், பார்த்த சாவைச் சொல், நாங்கள் கேட்டுக் கலங்குகிறோம் என்கிறார்கள். சமூகவியல் வகுப்பில் நாங்கள் படித்ததும் அப்படித்தான். ஒரு சமூகம் தரவாக இருக்கும், இன்னொரு சமூகம் கோட்பாடாக இருக்கும். எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமை கோட்பாட்டுக்காரரிடம் போய்விடும். சாட்சி தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 64இல் 50 பக்கத்துக்கு மேல் இன்றும் அதற்குத்தான் போகிறது. சாட்சிக் கூண்டிலேயே நிற்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

வந்த கவிதைகளில் ஒன்றைச் சொல்கிறோம். எழுதியவர் நகராட்சி ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மகன். நிலாவில் இறங்கிய அப்பல்லோ வீரர்கள் தங்கள் கழிவுப் பைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இது கற்பனை அல்ல, அந்தப் பைகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே கிடக்கின்றன. இந்த இளைஞர் அதைப் படித்தவுடன் கேட்ட கேள்வி: அதை அள்ள யாரை அனுப்புவார்கள்? கவிதை ஒரு பணி ஆணையின் வடிவில் இருந்தது. ஒப்பந்த அடிப்படை, தினக்கூலி, கையுறை இருப்பைப் பொறுத்து வழங்கப்படும், விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. பெறுநர் அவருடைய அத்தை. ராக்கெட்டில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரமாட்டார்கள் என்பதையும் ஒரு விதியாகவே எழுதியிருந்தார். கடைசியில் அத்தை ஆணையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். திரும்பி வர வண்டி உண்டா?

மலக்குழி மரணம் பற்றி எங்கள் இதழ் எத்தனையோ கட்டுரை போட்டிருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக விளக்கியிருக்கிறோம். அவற்றுக்கு வராத கடிதங்கள் இந்தக் கவிதைக்கு வந்தன. பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து. அழுதோம் என்று யாரும் எழுதவில்லை. சிரித்தோம் என்றார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், வண்டி உண்டா என்று வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம் என்று ஒரு பெண் எழுதியிருந்தார்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தமிழில் நம்மைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ஊகக் கவிதை 12ஆம் நூற்றாண்டுக்கு உரியது. பெரியபுராணத்தில் நந்தனார் தில்லையில் தீயில் இறங்குகிறார், பூணூல் துலங்கும் முனிவராக வெளியே வருகிறார், அதன் பிறகே உள்ளே போகிறார். தீயில் ஓர் உடம்பு உருமாறுவதைச் சேக்கிழாரால் கற்பனை செய்ய முடிந்தது. ஒரு கதவு திறப்பதைக் கற்பனை செய்ய முடியவில்லை. எட்டு நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கற்பனைதான் பக்தியாகவும் நாடகமாகவும் சினிமாவாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று விலையையே பெயராக வைத்து இதழ் தொடங்கினார். சாதிக்கு முந்திய பௌத்த நாடு ஒன்றை எழுதிக் காட்டினார், அதில் நந்தனை அரசனாக்கினார். அது வரலாறா இல்லையா என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். எங்களுக்கு முக்கியமானது வேறு. உருமாற வேண்டியது நந்தன் அல்ல என்று முடிவெடுத்த கற்பனை அது. அச்சேறியது ஒரு சிறிய இதழில்.

வடக்கே, செருப்புத் தைக்கும் தொழிலில் இருந்த ரவிதாசர் பேகம்புரா என்று ஒரு நகரத்தைப் பாடினார். துக்கமில்லாத ஊர் என்பது அதன் பொருள். அங்கே வரி இல்லை, யாரும் எங்கேயும் நடக்கலாம். அந்தப் பாடல் சீக்கியர்களின் குரு கிரந்த சாகிப்பில் இருக்கிறது. மோட்சம் கேட்கவேண்டிய இடத்தில் இந்த மனிதர் நடக்கிற உரிமையைக் கேட்டிருக்கிறார். தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்கு அடி வாங்கிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம், இந்த வித்தியாசம் நமக்குப் புரியும்.

சிற்றிதழ் என்கிற இடத்தைப் பற்றியும் ஒரு தகவல். ரொக்கையா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’ பெண்கள் ஆட்சி செய்யும் நாட்டைப் பற்றியது, சூரிய வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கருவியெல்லாம் அதில் வரும். வங்காளத்து எழுத்தாளரின் அந்த ஆங்கிலக் கதை 1905இல் முதலில் வெளியானது நம்முடைய சென்னையிலிருந்து வந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற இதழில். 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது இதெல்லாம் கவிதையா என்றுதான் கேட்டார்கள். பெரிய பத்திரிகை தயங்குவதை 500 பிரதி அடிக்கிற இதழ் செய்துவிடும். இழக்க அதனிடம் விளம்பரம் இல்லை.

எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று இளம் கவிஞர்கள் கேட்கிறார்கள். வருகிற கவிதைகளில் பாதிக்கு மேல் சாதியில்லாத எதிர்காலத்தைப் பற்றியவை. அங்கே எல்லாரும் சமம், பூக்கள் பூக்கும், கவிதை முடிந்துவிடும். இவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சாதி எப்படிப் போனது என்று அந்தக் கவிதைக்குத் தெரியவில்லை. யார் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள், யார் வீட்டில் பெண் கொடுத்தார்கள், சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த ஓடை என்ன ஆனது என்று ஓரத்தில் எழுதிக் கேட்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இதழுக்கு அனுப்புகிறார்கள், அங்கே வெளியாகியும் விடுகிறது. சிலர் ஆறு மாதம் கழித்துத் திருத்தி அனுப்புகிறார்கள். ஒருவர் அந்த ஓடையைப் பற்றி மட்டுமே 40 வரி எழுதி அனுப்பினார். ட்ரோனில் பிணம் தூக்கிப்போகும் காலத்திலும் ட்ரோன் ஊர்த்தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடை வழியாகவே பறக்கிறது. அதை அப்படியே போட்டோம், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

நடப்பே கற்பனையைத் தாண்டிப் போய்விடும்போது என்ன செய்வது என்பதுதான் எங்களுக்கு இன்னும் தீராத சிக்கல். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். பிறகு டிஎன்ஏ பரிசோதனைக்கு ரத்தம் கேட்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களும் இருந்தார்கள். எந்த அறிவியல் கதைக்காரரும் இப்படி ஒரு திருப்பத்தை எழுதியிருக்க மாட்டார். அதன் பிறகு வந்த கவிதை ஒன்றில் தண்ணீர் நீதிமன்றத்துக்கு வருகிறது. பெயர் கேட்கிறார்கள், தகப்பன் பெயர் கேட்கிறார்கள், எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். தண்ணீர் வாயைத் திறக்கவில்லை. குழுவிலிருந்து விலகியிருந்த தோழர் இதைப் படித்துவிட்டு, இதற்கு இரண்டு பக்கம் போதாது, மூன்றாகக் கொடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். மற்ற கவிதைகளைப் பற்றிய தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அடுத்த கூட்டத்திலும் சண்டை இருக்கிறது.

வரும் இதழில் இந்தக் கவிதைகளுக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பக்கத்துக்குத்தான் வந்திருக்கிறது. பெண்கள் எழுதியது ஒன்றே ஒன்று. கல்லூரி விடுதிகளில் இருக்கும் தங்கைகள் அனுப்ப வேண்டும், கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம். வெளியே மேசையில் பழைய இதழ்கள் இருக்கின்றன. அத்தைக்கு வந்த பணி ஆணை இருக்கும் இதழில் இன்னும் சில பிரதிகள்தான் மிச்சம்.