மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை இருந்தால் மடியில் படுக்கவைத்து, மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தில் சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா? அந்த இடத்தில் மட்டும் பல்லின் பளபளப்பு இருக்காது. ஈரத்தில் அது கண்ணுக்குத் தப்பிவிடும், அதனால் சுத்தமான துணியால் பல்லை ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள்.

சொத்தையின் முதல் படி அதுதான். குழி இருக்காது, வலி இருக்காது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் திருப்பிவிடலாம் என்பதுதான் பல் மருத்துவராக என் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். பல்லிலிருந்து கரைந்த தாதுக்களை எச்சிலே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஃபுளோரைடு அதற்குக் கைகொடுக்கும். சில மாதத்தில் அந்தக் கோடு கெட்டிப்பட்டு மினுங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சென்னை ராயபுரத்தில் என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் மீன் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். விடியுமுன் அம்மா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போய்விடுவார். பிள்ளை விழித்து அழுதால் ஆயாதான் சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைப்பார். அப்படி ஒரு ஆயா, "பால்பல்லு தானே டாக்டரம்மா, வுழுந்து மொளைக்கும்" என்றார். பேரனுக்கு மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறியிருந்தன, கீழ்ப்பற்களில் ஒரு குறையும் இல்லை. இப்படி இருந்தால் முதலில் இரவுப் பாட்டிலைப் பற்றித்தான் கேட்பேன். உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது, மேல் பற்களுக்கு அந்தக் காவல் கிடையாது. தூக்கத்தில் எச்சிலும் குறைவாகவே சுரக்கும். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை மெல்ல வேண்டுமே!

அவற்றைக் காப்பாற்றத்தான் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்று கேட்கிறேன். டீயில் தோய்த்த பிஸ்கட், பெட்டிக்கடை மிட்டாய், எதுவானாலும் தின்ற பிறகு அரை மணி நேரம் போல வாயில் அமிலம் இருக்கும். நாள் முழுக்கக் கொறிக்கும் பிள்ளைக்குப் பல் தேறுவதற்கு நேரமே இல்லை. அம்மாவுக்குச் சொத்தை இருக்கிறதா என்றும் கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒரே ஸ்பூனில் கிருமியும் போகும்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று வயதுக்குள் அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, காலையும் இரவும். துலக்கிவிடுவது பெரியவர்கள் வேலை. இரவுப் பாட்டிலை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். சர்க்கரையைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீருக்கு வந்துவிடுங்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் பல்லையும் காட்டுங்கள். பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல்லைக் காட்ட வந்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். வரும்போது ஆயாவையும் கூட்டிவாருங்கள், ராத்திரி பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தானே.