போர்டு போகவில்லை, டிரைவர்தான் இல்லை!

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் வாட்ஸ்ஆப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் இவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வருகிற கேள்வி கம்ப்யூட்டர் பற்றியதுதான். "ஃபார்மேட் அடித்த பிறகு சத்தம் வரவில்லை." "வைஃபை குறியே காணோம்." "பிரின்டர் பிளக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை." அதற்கு யாராவது உடனே பதில் போடுவார்கள்: "போர்டு போயிருக்கும், மாற்றிவிடுங்கள்." பிள்ளைக்கு நாளைக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வேண்டும் என்ற அவசரத்தில் அந்தப் பேச்சை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பணம் கொடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி, பழுது பொருளிலா, டிரைவரிலா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கம்ப்யூட்டரே சொல்லும்.

முதலில் டிரைவர் என்றால் என்ன? நம் வியாசர்பாடி பஸ் டிப்போவை நினைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 30 அன்று அங்கிருந்துதான் 120 மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கி வைத்தார்கள். பஸ் புத்தம் புதிது, பேட்டரி முழுக்க ஏறியிருக்கிறது. ஆனாலும் ஓட்டத் தெரிந்தவர் ஏறி உட்காராவிட்டால் அது டிப்போவை விட்டு நகராது. டீசல் பஸ் ஓட்டியவர் என்றாலும் மின்சார பஸ்ஸுக்குத் தனியாகப் பழக வேண்டும். கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். சவுண்டு, வைஃபை, கேமரா, பிரின்டர் ஒவ்வொன்றுக்கும் அதை இயக்கத் தெரிந்த ஒரு சிறிய மென்பொருள் வேண்டும். அதன் பெயர்தான் டிரைவர். டிரைவர் இல்லாவிட்டால் பொருள் நன்றாக இருந்தும் செத்தது போலக் கிடக்கும்.

இது எப்போது காணாமல் போகும்? பெரும்பாலும் ஃபார்மேட் அடித்து விண்டோஸை மறுபடி போட்ட பிறகு. அல்லது பழைய மெஷினில் புதிய விண்டோஸைப் போட்ட பிறகு. நம் பகுதியில் பல வீடுகளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அக்கா படித்த லேப்டாப் தம்பிக்கு வந்து, இப்போது வீட்டுக் கணக்குக்கும் பயன்படுகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் "புது விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று பலர் கிளம்பியிருக்கிறார்கள். பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் போட்டால் போட்டுவிடலாம், ஆனால் டிரைவர் கிடைக்காமல் அல்லாட நேரலாம்.

சரி, எங்கே பார்ப்பது?

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' என்று இருக்கும். அதைத் திறந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள உறுப்புகள் எல்லாம் ரேஷன் கார்டில் குடும்பத்தார் பெயர் மாதிரி வரிசையாக வரும். எதன் மேலாவது மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருக்கிறதா, 'அன்னோன் டிவைஸ்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். ஒரு கோடு எண் காட்டும். நான்கு எண்கள் தெரிந்தால் போதும்.

கோடு 28 என்றால் டிரைவர் போடவே இல்லை. இதுதான் சுலபமானது.

கோடு 22 என்றால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுத்தால் தீர்ந்தது.

கோடு 10 என்றால் அந்தப் பொருளைத் தொடங்க முடியவில்லை. டிரைவர் பொருந்தாமல் இருக்கலாம். அதை 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கோடு 43 என்றால் பொருளே ஏதோ கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. இதில் டிரைவரும் காரணமாகலாம், பொருளும் காரணமாகலாம். யுஎஸ்பி பொருள் என்றால் கேபிளையும் சொருகும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள்.

ஒரு விஷயம் ஆச்சரியக்குறி இல்லாமலே ஏமாற்றும். திரையில் எழுத்தெல்லாம் பெரிதாக, வீடியோ தடுமாறி ஓடுகிறதா? 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவர் இல்லாமல் தற்காலிக ஆளை வைத்து வண்டி ஓடுகிறது என்று பொருள்.

அடுத்தது, 'அன்னோன் டிவைஸ்' என்று இருந்தால் அது யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதன் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டீட்டெயில்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் வி, இ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு அடுத்து வரும் நான்கு குறிகள்தான் பொருளைச் செய்த கம்பெனி. 8086 என்றால் இன்டெல். 1978-இல் அந்தக் கம்பெனி வெளியிட்ட சிப்பின் எண் அது. 1002 என்றால் ஏஎம்டி. 10-க்குப் பிறகு இ, சி என்று வந்தால் ரியல்டெக். 10-க்குப் பிறகு டி, இ என்று வந்தால் என்விடியா. அடுத்து டி, இ, வி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருவது மாடல். இந்த வரியை அப்படியே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் உங்கள் கையில் இருக்க வேண்டிய அடையாள அட்டை அதுதான்.

இனி டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

"வைஃபையே வேலை செய்யவில்லை, எப்படி டவுன்லோடு செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் இருக்கிற இடத்திலேயே 'யுஎஸ்பி டெதரிங்' என்று இருக்கும். அதை ஆன் செய்தால் பெரும்பாலும் போனின் இன்டர்நெட் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்களும் உண்டு. வரவில்லை என்றால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

இன்டர்நெட் வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் விண்டோஸ் அப்டேட். அதில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. விண்டோஸ் 11-இல் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும். அங்கே 'டிரைவர் அப்டேட்ஸ்' என்று வந்தால், விடுபட்ட பொருளுக்கானதை டிக் செய்து போடுங்கள். பல வீடுகளில் இந்தப் படியிலேயே வேலை முடிந்துவிடும்.

அதில் இல்லை என்றால் லேப்டாப் கம்பெனியின் சொந்த வலைத்தளம். லேப்டாப்பைத் திருப்பினால் அடியில் ஸ்டிக்கரில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். அதைக் கொடுத்தால் உங்கள் மெஷினுக்கான டிரைவர்கள் வரும். உங்களுடையது 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து எடுங்கள். மாற்றி எடுத்தால் ஏறாது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. கூகுளில் 'டிரைவர் டவுன்லோடு' என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். "உங்கள் கம்ப்யூட்டரில் பல டிரைவர்கள் பழசாகிவிட்டன, இலவசமாக ஸ்கேன் செய்கிறோம்" என்று சொல்லி, ஸ்கேன் முடிந்ததும் பணம் கேட்கும் புரோகிராம்கள் ஏராளம். டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் அடிமடி வரை போகிற மென்பொருள். தெரியாதவரிடம் டிரைவர் வாங்குவது வீட்டுச் சாவியைத் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். திரையில் ஒரு போன் நம்பர் வந்து "உடனே மைக்ரோசாஃப்டை அழையுங்கள்" என்றால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பணம் போய்விட்டது என்றால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

அந்த அடிமடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன, நினைவிருக்கிறதா? நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளில், அதன் டிரைவர் படிக்கிற ஒரு தகவல் கோப்பு தவறாக வந்ததுதான் காரணம். பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஒரு கம்ப்யூட்டரின் போர்டும் அதனால் போகவில்லை. 'சேஃப் மோடு' என்ற முறையில் திறந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதும் மெஷின்கள் எழுந்துகொண்டன. ஆகவே நீலத் திரையைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

நேற்று வரை நன்றாக இருந்து, அப்டேட் ஆன பிறகு கெட்டுப்போனதா? டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன் இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். பட்டன் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று அர்த்தம்.

இத்தனையும் செய்தும் சரியாகவில்லை. பொருள் உயிரோடு இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது? இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கும். பெரும்பாலான டிரைவர்களை லினக்ஸ் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமல் 'லைவ்' முறையில் ஓட்டலாம். 'இன்ஸ்டால்' என்பதை மட்டும் தொடாதீர்கள். அதில் வைஃபை வேலை செய்தால் வைஃபை கார்டு நன்றாக இருக்கிறது, குறை விண்டோஸ் டிரைவரில்தான். அதற்குப் பிறகு யாரும் உங்களைக் கார்டு மாற்றச் சொல்ல முடியாது. நான் முதலில் சொன்ன பாஸ் லினக்ஸ், நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

டிவைஸ் மேனேஜரிலும் அந்தப் பொருளின் பெயரே இல்லை, லினக்ஸிலும் தெரியவில்லை என்றால், அப்போது உறுப்பிலேயே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். கார்டு லூசாகி இருக்கலாம், உள்ளே ஈரம் ஏறியிருக்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இருந்த லேப்டாப் என்றால் ஆன் செய்தே பார்க்காமல் நேராக மெக்கானிக்கிடம் கொடுங்கள். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். ஆனால் போகும்போது "எதுவும் வேலை செய்யவில்லை அண்ணே" என்று சொல்லாதீர்கள். "கோடு 10 காட்டுகிறது, டிரைவர் மாற்றிப் பார்த்தோம், லினக்ஸிலும் வரவில்லை, ஐடி இதோ" என்று போட்டோவைக் காட்டுங்கள். பேச்சும் வேறாக இருக்கும், பில்லும் வேறாக இருக்கும்.

கடைசியாக, வரும் முன் காப்பது. யாராவது ஃபார்மேட் அடிக்கப் போகிறேன் என்றால் முதலில் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். பிறகு சி டிரைவில் 'விண்டோஸ்', அதற்குள் 'சிஸ்டம்32', அதற்குள் 'டிரைவர்ஸ்டோர்', அதற்குள் 'ஃபைல்ரெப்பாசிட்டரி' என்ற ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் காப்பி செய்யச் சொல்லுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற டிரைவர்கள் அங்கேதான் இருக்கின்றன. அதே விண்டோஸை மறுபடி போடும்போது, டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, 'பிரவுஸ்' வழியாக இந்த ஃபோல்டரைக் காட்டினால் பெரும்பாலானவை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். ஏணி, டிரில்லிங் மெஷின் இரவல் கொடுப்பது போல நோட்டில் எழுதிக் கொடுக்கலாம். கூடவே எந்த மாடலுக்கு எந்த டிரைவர் பொருந்தியது என்றும் அதே நோட்டில் குறித்து வைத்தால், ஒரு வீட்டில் பட்ட பாடு அடுத்த வீட்டுக்கு உதவும். கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள முன்வர வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு முறை டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மஞ்சள் குறி எதுவும் இல்லை என்றால் நிம்மதி. இருந்தால் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள், சேர்ந்து பார்த்துவிடலாம்.