கலவரக் கதைகளில் குழந்தைகள்

(வெள்ளி விழா இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)



போர்க்காலக் கொடுமைகளைப் புனைகதையாக்குவோர் பலரும் ஒரு குழந்தையைக் கதைக்குள் கொண்டுவருவர். பெரியவர்கள் பழகிப்போய்க் கேளாமல் விட்ட கேள்வியைக் குழந்தை கேட்டுவிடும் அன்றோ?

ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994-இல் வெளிவந்த ‘ஃபன்னி பாய்’ நாவலை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் வசதியான தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஆர்ஜி. பாட்டி வீட்டுத் தோட்டத்தில் பெண் குழந்தைகளோடு கல்யாண விளையாட்டு ஆடுகிறான்; மணப்பெண் வேடம் அவனுக்கே. சிங்களவர், தமிழர் என்னும் பிளவு பெரியவர்களின் பேச்சு வழியாகவே அவனை வந்தடைகிறது. இறுதியில் 1983 ஜூலை. அப்பகுதி நாட்குறிப்பாக அமைந்திருக்கிறது. வீடு எரிகிறது, தாத்தாவும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுகின்றனர். விளையாட்டைச் சொன்ன அதே வாய் தேதியிட்டுச் செய்தி சொல்லத் தொடங்குகிறதே, நம்மை உலுக்குவது அதுதான்.

2006-இல் ஜான் பாய்ன் எழுதிய ‘கோடிட்ட பைஜாமாச் சிறுவன்’ கதையில் நமக்கு அத்தனை உடன்பாடில்லை. நாஜி அதிகாரியின் ஒன்பது வயது மகன், முள்வேலிக்கு அப்பால் நடப்பதை அறியாதவன். அந்த அறியாமை அவனுக்குக் கிடைத்த வசதி. வேலிக்குள் இருந்த யூதச் சிறுவனுக்கு அது வாய்க்கவில்லை. வாசகரின் கண்ணீரோ முன்னவனுக்கே மிகுதியாகப் போகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இலங்கைத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது; அம்மக்களை யார் கேட்டார்? தலைமன்னாரில் கப்பலேறி வந்தோருள் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி வந்து சேர்ந்தனர். அவர்களுக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ ஆயிற்று. 1977, 1983 வன்முறைகள் தோட்ட லயங்களையும் விட்டுவைக்கவில்லை. வந்தவர்களுள் பெரும்பகுதியினர் நம் மக்கள். அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்கள், இங்கே ‘சிலோன்காரன்’ என்றார்கள். சாதிப்பெயர் மட்டும் இரு கரையிலும் மாறவில்லை.

ஆர்ஜிக்கு இருந்த தோட்டம் லயத்துப் பிள்ளைக்கு இல்லை. தாய் கொழுந்தெடுக்கப் போனால் தம்பியை இடுப்பில் சுமந்தது அக்காதான். (அவர்களும் விளையாடாமலா இருந்தார்கள்? தேயிலைச் செடிகளுக்கிடையே ஒளிந்து ஆடியவர்கள்தாம்.) ஆகவே அவர்களின் கதையைக் கலவரத்தன்று தொடங்க இயலாது, அதற்கு வெகு முன்னரே, தண்ணீர்க் குழாயடியிலிருந்தே தொடங்க வேண்டும். அத்தகைய நாவலுக்கு வேண்டிய செய்திகள் நம் வீடுகளிலேயே உள்ளன.

எட்டு, பத்து வயதில் கப்பலேறியவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். இச்சபையிலும் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அன்று கையில் என்ன பிடித்திருந்தீர்கள், எதை விட்டுவந்தீர்கள் என்று இன்று மாலையே அவர்களிடம் கேட்டு, இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கட்டும்.