‘விட்டுடுங்க’ என்று சொன்னால் போதுமா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பு டாக்டர் பேசியது)

செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் கிளினிக்குக்குப் பல வருடமாக வருபவர் ஒரு ஆட்டோ ஓட்டுநர். இருமலுக்கு மருந்து எழுதும்போதெல்லாம் "சிகரெட்டை விட்டுடுங்க" என்பேன். ஒருநாள் திட்டியே விட்டேன். அதன்பிறகு கேட்கும்போதெல்லாம் "விட்டுட்டேன் டாக்டர்" என்றார். நானும் நம்பினேன். நெஞ்சுவலி என்று தூக்கி வந்த அன்று அவர் சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் இருந்தது. பிழைத்துக்கொண்டார். "நீங்க திட்டுவீங்கன்னுதான் மறைச்சார்" என்றார் மனைவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது நான் திட்டுவதில்லை. "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்கிறேன். அரை மணிக்குள் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகவே அடிமையாகியிருக்கிறது. அவரிடம் மன உறுதி பற்றி மட்டும் பேசிப் பயனில்லை, மருந்தும் வேண்டும். பிறகு நிறுத்தும் தேதியை அவரையே சொல்லச் சொல்வேன். (பலர் ஜனவரி 1 என்பார்கள். அவ்வளவு நாள் எதற்கு?)

நிகோடின் சூயிங்கம் வாங்கியவர்கள் பலர் "விக்கல்தான் வந்தது" என்பார்கள். பபிள்கம் மாதிரி மென்றால் அப்படித்தான். மெதுவாக மெல்லுங்கள், சுள்ளென்று காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்குங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் வரும். அதைப் போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

முதல் வாரம்தான் கஷ்டம். கோபம் வரும், தூக்கம் வராது. வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்திலேயே நான் போன் செய்துவிடுவேன். நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்றில்லை. பலர் பலமுறை முயன்றுதான் விடுகிறார்கள்.

நம் வாட்ச்மேன்கள், டிரைவர்களிடமும் சொல்லுங்கள். பீடி சிகரெட்டைவிட நல்லது என்பது தவறு. 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் ஆலோசனை கிடைக்கும்.

அந்த ஆட்டோக்காரர் விட்டு எட்டு மாதம் ஆகிறது. நடுவில் ஒருநாள் தடுமாறினார். அன்று ராத்திரியே போன் செய்து அவரே சொன்னார்.

சந்தேகம் இருப்பவர்கள் டீ குடித்துவிட்டு வாருங்கள், தனியாகப் பேசலாம்.